யுயையாகோ: ஒரே மலைக்கு இரண்டு பயணத் திட்டங்கள்

ஆண்டிஸ் மலைத்தொடரில் இன்காக்களின் தடம் உள்ள மலை ஒன்றில், வழிகாட்டியோடு ஏற வேண்டும் என்பது எங்கள் நண்பர்கள் மூவரின் நெடுநாள் திட்டம். எந்த மலை என்று தேடத் தொடங்கிய குறிப்புகள் வளர்ந்து வளர்ந்து வரலாற்றுக் கட்டுரையாகவே ஆகிவிட்டன. அதுதான் இது.

முதலில் பட்டியல். சிலியின் தலைநகர் சாண்டியாகோவுக்குப் பக்கத்திலேயே எல் ப்ளோமோ (5,424 மீட்டர்). 1954-ல் அங்கே உறைந்த நிலையில் ஒரு சிறுவனின் உடல் கிடைத்தது. பெருவில் ஆம்பாட்டோ (6,288 மீ). பக்கத்து எரிமலை சபன்காயா கக்கிய சாம்பல் படிந்து பனி உருகியதில், 1995-ல் ‘ஹுவானிதா’ என்று இன்று உலகம் அழைக்கும் சிறுமி வெளிப்பட்டாள். அர்ஜென்டினாவில் அகோன்காகுவா. 1985-ல் மெண்டோசா மலையேறிகள் அங்கே சுமார் 5,300 மீட்டரில் இன்னொரு சிறுவனைக் கண்டெடுத்தார்கள். ஆனால் வழக்கமான ஏறுபாதை அந்த இடம் வழியாகப் போவதில்லை.

நான்காவதுதான் யுயையாகோ. அர்ஜென்டினா-சிலி எல்லையில், அட்டகாமா பாலைவனத்தின் விளிம்பில் நிற்கும் எரிமலை. உயரம் 6,739 மீட்டர். உலகிலேயே மிக உயரமான தொல்லியல் தளம் இதன் உச்சியில்தான் இருக்கிறது.

அந்த உயரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1802-ல் ஹம்போல்ட் சிம்போராசோ மலையில் 5,900 மீட்டரைத் தொடும் அளவுக்கு ஏறியதையே ஐரோப்பா வாய்பிளந்து பார்த்தது. 1855-ல் ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் நம் கார்வால் இமயத்தின் அபி காமினில் சுமார் 6,785 மீட்டர் வரை போனார்கள். யுயையாகோவின் உயரத்தைத் தாண்டி ஐரோப்பியர்கள் நடந்து போனதாகப் பதிவு வருவது அப்போதுதான். அதற்கு முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே இன்காக்கள் இங்கே ஏறியிருக்கிறார்கள். சும்மா ஏறிவிட்டு இறங்கவில்லை. கல் சுமந்து மேடை கட்டியிருக்கிறார்கள்.

1952 டிசம்பரில் சிலியைச் சேர்ந்த பியோன் கொன்சாலஸ், ஹுவான் ஹார்சைம் இருவரும் உச்சிக்குப் போனார்கள். நவீன காலத்தின் முதல் ஏற்றம் என்று நினைத்துப் போனவர்களை வரவேற்றவை கல் சுவர்கள். பிறகு ஆஸ்திரியாவின் மதியாஸ் ரெபிட்ச் அந்த இடிபாடுகளை ஆராய்ந்தார். 1999 மார்ச்சில் ஜோஹன் ரைன்ஹார்ட், கான்ஸ்டான்ஸா செருட்டி தலைமையிலான குழு உச்சி மேடையைத் தோண்டியபோது மூன்று குழந்தைகள் கிடைத்தார்கள். பதின்மூன்று வயதை ஒட்டிய ஒரு பெண், சின்னப் பையன் ஒருவன், சின்னப் பெண் ஒருத்தி. தங்கம், வெள்ளி, ஸ்பாண்டிலஸ் சிப்பியில் செய்த சிறு பொம்மைகளும் உடன் இருந்தன. அந்தச் சிப்பி ஈக்வடார் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் கிடைப்பது. எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது பாருங்கள்.

முடியில் எழுதிய பயணக் குறிப்பு

இன்காக்களின் பயணத் திட்டம் எப்படித் தெரியும்? பெரிய பெண்ணின் கூந்தலிலிருந்து. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். சாப்பிட்டதன் வேதியியல் தடம் அதில் வரிசையாகப் பதிந்திருக்கும். எங்கள் தொழில் மொழியில் சொன்னால், யாரும் திருத்த முடியாத லாக் ஃபைல். ஆண்ட்ரூ வில்சன் குழுவினர் 2007-லும் 2013-லும் வெளியிட்ட ஆய்வுகள் இதைப் படித்துக் காட்டின.

இறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பு அவள் சாப்பாடு சட்டென்று மாறுகிறது. உருளைக்கிழங்கு சார்ந்த எளிய உணவு போய் மக்காச்சோளமும் இறைச்சியும் வருகின்றன. கோகோ இலையின் அளவு ஏறுகிறது. கடைசி ஆறு முதல் எட்டு வாரங்களில் மதுவின் அளவு உச்சத்துக்குப் போகிறது. அது சிச்சா என்ற மக்காச்சோளக் கள்ளாக இருக்க வேண்டும். இறந்தபோதும் அவள் வாயில் மென்ற கோகோ இலை இருந்தது.

இந்தச் சடங்கின் பெயர் கபாகோச்சா. மாகாணங்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழந்தைகள் தலைநகர் குஸ்கோவுக்குப் போய், அங்கிருந்து மலைகளுக்கு அனுப்பப்படுவார்கள் என்று ஸ்பானியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மழையும் தண்ணீரும் மலைகளின் கையில் என்பது நம்பிக்கை. கூடவே அரசியலும் உண்டு. ஒக்ரோஸ் என்ற ஊரின் தலைவர் தன் மகள் தாந்தா கார்வாவைக் கொடுத்துப் பதவியை உறுதிப்படுத்திக்கொண்ட கதையை 1621-ல் எர்னாண்டெஸ் ப்ரின்சிபே என்ற பாதிரியார் பதிவு செய்தார். புதிதாகப் பிடித்த தூரத்து மண்ணை மையத்தோடு முடிச்சுப் போட ஒரு குழந்தை.

நடந்தவர்களும் வண்டியில் போகிறவர்களும்

குஸ்கோவிலிருந்து யுயையாகோ நேர்கோட்டிலேயே சுமார் 1,300 கி.மீ. குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். அங்கிருந்து உயர்ந்த பீடபூமி வழியாக, லாமாக்களில் சுமை ஏற்றி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடை. மலையடிவாரம் வரும்போது உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். மலையிலும் ஒரே மூச்சில் ஏறவில்லை. சுமார் 5,200 மீட்டரில் ‘தம்போ’ எனப்படும் தங்குமிடம் கட்டினார்கள். அதற்கு மேலேயும் கட்டுமானங்கள் உண்டு. இன்றைய மலையேற்ற நிறுவனங்கள் போடும் கேம்ப் வரிசையேதான் இது.

இப்போது நம் திட்டத்தைப் பாருங்கள். விமானத்தில் சால்டா நகரம், சுமார் 1,150 மீட்டர். வண்டியில் சான் அந்தோனியோ டி லோஸ் கோப்ரெஸ், 3,775 மீட்டர். பிறகு சுமார் 3,500 மீட்டரில் தோலார் கிராண்டே. அங்கிருந்து ஏறத்தாழ 4,900 மீட்டரில் அடிவார முகாம். எல்லாம் சக்கரத்தின் மேல். சிக்கலே இங்கேதான். வண்டி ஏறுகிறது, உடம்பு ஏறவில்லை.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது. 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் எடு. மீறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். தோலார் கிராண்டேயிலிருந்து அடிவாரத்துக்கு ஒரே நாளில் 1,400 மீட்டர் தாவல். ஆகவே அதற்கு முன் பல இரவுகள் 3,500-லேயே தங்கி, பகலில் பக்கத்து மலைகளில் உயரே ஏறி இறங்கிப் பழக வேண்டும். எந்த நிறுவனமானாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, “எத்தனை இரவு, எந்த உயரத்தில்?” என்பதே. விலைப்பட்டியல் அப்புறம். குறைந்த நாளில் முடித்துத் தருகிறோம் என்பவரிடம் நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம்.

அடுத்த கேள்விகள்: தண்ணீர் எவ்வளவு ஏற்றுவீர்கள்? (சுற்றிலும் பாலைவனம்.) எத்தனை வண்டிகள்? ஒன்று பழுதானால்? ஒருவர் மட்டும் கீழே இறங்க வேண்டி வந்தால் கூட யார் போவார்? உச்சி நாளில் எத்தனை மணிக்குத் திரும்புவோம்?

பருவமும் முக்கியம். கோடையில் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் கிழக்கிலிருந்து வரும் ஈரம் இடி மின்னலைக் கொண்டுவரும். இந்த உச்சியில் மின்னல் இறங்கும் என்பதற்குச் சாட்சி அந்தச் சின்னப் பெண்ணே. புதைக்கப்பட்ட பிறகு மின்னல் தாக்கி அவள் உடல் கருகியிருக்கிறது. ‘மின்னல் சிறுமி’ என்பதுதான் அவளுக்கு இன்று வழங்கும் பெயர்.

சிலிப் பக்கத்திலிருந்து ஏற நினைத்தால் இன்னொரு வரலாறும் குறுக்கே வரும். 1970-களில் பினோசே ஆட்சியில் இந்த எல்லையோரம் கண்ணிவெடிகள் புதைத்தார்கள். 2020-ல்தான் நாடு முழுக்க அகற்றி முடித்ததாகச் சிலி அறிவித்தது. வழிகாட்டி காட்டும் தடத்தை விட்டு விலகாமல் இருப்பது நல்லது.

ஏறலாமா?

திட்டம் போடும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. 2004-ல் சால்டாவில் உயர்மலைத் தொல்லியல் அருங்காட்சியகம் திறந்தது. மூவரையும் மைனஸ் 20 டிகிரியில் பாதுகாக்கிறார்கள். 2007 முதல் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் காட்சிக்கு வைக்கிறார்கள். பழங்குடி மக்கள் பலர் இதை எதிர்த்தார்கள். அவர்களுக்கு அந்த மலை இன்றும் புனிதம், அந்தக் குழந்தைகள் முன்னோர். எடுத்திருக்காவிட்டால் மின்னலும் திருடர்களும் மிச்சம் வைத்திருப்பார்களா என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கருத்து கேட்கப்பட வேண்டிய வரிசையில் மலையேறுகிறவன் கடைசி ஆள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் குழுவில் பேசி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். ஒன்று, அருங்காட்சியகம் முதலில், மலை பிறகு. இரண்டு, இடிபாடுகளின் சுவர் மேல் கால் வைப்பதில்லை, ஒரு கல்லையும் நகர்த்துவதில்லை. உச்சி மேடைக்குள் நுழையாமல் வெளியே நின்று திரும்புவது. 2014 முதல் இந்த மலை, ஆறு நாடுகள் சேர்ந்து முன்மொழிந்த இன்கா பெருவழியின் பகுதியாக யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. சட்டமும் அதையே எதிர்பார்க்கிறது. மூன்று, மதியம் இரண்டு மணி. உச்சி நூறு மீட்டர் தூரத்தில் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாவதைத்தான் அதிகம் விவாதித்தோம். இன்காக்களின் திட்டத்திலும் இறங்கி வருவது இருந்திருக்கும். பூசாரிகளும் சுமை தூக்கியவர்களும் திரும்பியிருப்பார்கள். அந்த மூன்று பேருக்கு மட்டும் அந்தத் திட்டம் இல்லை.