ஏரியில் நமக்குப் பங்கு

பழவேற்காட்டில், போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயம் உள்ளது. அந்த ஏரியிலேயே 'பாடு' என்னும் பழைய வழக்கமும் உண்டு. மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பங்கிடுவது அது. ஒருவரே யாவற்றையும் வாரிக்கொள்ளாதபடி அது காப்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் பாட்டுரிமை பிறப்பால் வருவது. வேறு குலத்தார் அதே நீரில் இறங்கினும் புறத்தே நிற்கின்றனர்.

1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர்க்கு நியாயமான கூலி வேண்டுமென எழுதினார். உலகின் பொருள்கள் யாவர்க்கும் உரியன என 1967இல் ஆறாம் சின்னப்பர் வலியுறுத்தினார். சாதி வேற்றுமையை அகற்றுமாறு 2003இல் இரண்டாம் அருள் சின்னப்பர் தமிழக ஆயர்களிடம் கூறினார்.

எனினும், பிறப்பால் பாடு கிட்டாதவர் கிறிஸ்தவராயின், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதியினர்க்குரிய உரிமையும் கிட்டுவதில்லை. ஏரி அவர் சாதியை மறப்பதில்லை. அரசு ஏடோ அதனை ஏற்பதில்லை!

இளைஞர்களே, போதனை கோயிலோடு நின்றுவிடலாகாது. வழக்கத்தையும் சட்டத்தையும் நாம் கற்றறிவோம்; ஊர்க்கூட்டத்திலும் பங்குப் பேரவையிலும் எழுந்து நின்று நம் பங்கைக் கேட்போம். நாம் பெறும் கல்வியின் பயன் அதுவே.