வேர்முடிச்சு

பயறுவகைச் செடிகளின் வேரில் மணிமணியாகத் திரளும் வீக்கம் வேர்முடிச்சு எனப்படும். ரைசோபியமும் அதன் உறவினங்களுமான மண் பாக்டீரியாக்கள் அதற்குள் குடியிருந்து, காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குத் தருகின்றன. இலையில் தயாரான சர்க்கரையிலிருந்து பிறக்கும் கரிமச் சேர்மங்களைச் செடி பதிலுக்குத் தருகிறது. பாடநூல்கள் இதற்குக் கூட்டுயிர் வாழ்க்கை என்று பெயரிட்டு, ஒற்றுமைக்கு உதாரணம் காட்டி நிறுத்திவிடும். சான்றுகளைப் பார்த்தால் இது தோழமை அல்ல, கணக்குப் பார்த்து நடக்கும் கொடுக்கல் வாங்கல். அந்தக் கணக்கும் பெரும்பாலும் செடியின் கையில்தான் இருக்கிறது.

செடி கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் செலவு. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் ஒரு மூலக்கூறை அம்மோனியாவாக்க, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறைந்தது 16 தேவை. அந்த வேலையைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்ஸிஜன் பட்டால் ஆகாது. பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்ஸிஜன் வேண்டும். இந்த இக்கட்டைத் தீர்ப்பது லெக்ஹீமோகுளோபின், நம் இரத்தச் சிவப்புக்கு உறவான புரதம். அது ஆக்ஸிஜனைப் பிடித்துவைத்து அளந்து அளந்து விடுகிறது. பூத்து நிற்கும் கடலைச் செடியைப் பிடுங்கி, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே சிவந்திருக்கும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சில் வேலை நடக்கவில்லை. (நூற்புழு தாக்கிய வேரிலும் வீக்கம் வரும். ஆனால் அது வேரே பருத்தது, தனியே உதிர்ந்து வராது. பாக்டீரியா முடிச்சு விரலால் தள்ளினாலே வந்துவிடும்.)

பட்டாணி போன்ற பயறுவகைகள் காற்றிலிருந்து தழைச்சத்து பெறுவதற்கு முடிச்சே காரணம் என்பதை 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவினர். 1888இல் பெயரிங்க் அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். கணக்குக்கான முதல் சான்று வயலிலேயே கிடைக்கிறது. மண்ணில் நைட்ரேட் நிறைய இருந்தால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். யூரியாவை அள்ளிப் போட்ட உளுந்தில் முடிச்சு அருகிப்போவது அதனால்தான். சும்மா கிடைப்பதற்கு யார் கூலி கொடுப்பார்?

இதைவிட வலுவான சான்று 2003இல் கீர்ஸ் குழுவினர் சோயாவில் நடத்திய சோதனை. முடிச்சுகளைச் சுற்றியிருந்த நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பினார்கள். பாக்டீரியா விரும்பினாலும் சரக்கு தர முடியாத நிலை. அந்த முடிச்சுகளுக்குள் ஆக்ஸிஜன் வரத்து சுருங்கியது. பாக்டீரியாவின் பெருக்கமும் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது.

மூளையில்லாத செடி எப்படித் தண்டிக்கும், செடி முழுதும் சத்துக் குறைந்ததால் முடிச்சும் தானாக நலிந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே செடியின் வேரை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆர்கான் கொடுத்தபோதும் அந்தப் பாதியின் பாக்டீரியாதான் குறைந்தது. செடி முழுதும் பட்டினி என்று சொல்லித் தப்ப முடியாது. தண்டனை என்ற சொல் மனிதர்களுடையது. தராதவனின் வாரிசுகள் மண்ணுக்குக் குறைவாகத் திரும்புகிறார்கள் என்ற விளைவு அந்தச் சொல்லை நம்பியிருக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: மணிச்சத்து தரும் வேர்ப்பூஞ்சைகளிடம் இந்தக் கணக்கு எப்போதும் நேராக இல்லை. ஆளியும் சோளமும் ஒரே பூஞ்சை வலையைப் பகிர்ந்த 2012ஆம் ஆண்டுச் சோதனையில் கரிமத்தைப் பெரிதும் கொடுத்தது சோளம், சத்தைப் பெரிதும் அள்ளியது ஆளி. ஆகவே தனி அறைபோல் மூடிய முடிச்சில் செடிக்கு உள்ள பிடியை, பல செடிகளை இணைக்கும் பூஞ்சை இழைக்கு அப்படியே நீட்டக் கூடாது.

ஆறிய அரிசிக்கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்தும் சில வயல்களில் பலன் தெரியாமல் போவதையும் இந்தக் கணக்கைக் கொண்டே விளக்கலாம். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் உள்ளூர் பாக்டீரியா எண்ணிக்கையில் மிகுந்து, முந்திக்கொண்டு முடிச்சில் இடம் பிடித்துவிடுகிறது. வாசலில் செடி பார்ப்பது ரசாயனச் சமிக்ஞையை மட்டும்தான். உழைப்பைச் சோதிப்பது உள்ளே விட்ட பிறகு. சமிக்ஞையை நம்புவதில் ஆபத்தும் உண்டு. மணிச்சத்துப் பஞ்சத்தில் பூஞ்சையை அழைக்கச் சோளம் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோனை உணர்ந்துதான் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் விதை முளைக்கிறது, முளைத்ததும் சோளத்தின் வேரையே உறிஞ்சத் தொடங்குகிறது.