மாவில் கலந்த ஃபாலிடால்: 1958

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி இறந்தனர். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் முதல் முதல்வரான சி.ஓ. கருணாகரன், அவ்வாண்டே இந்திய மருத்துவச் சங்க இதழில் இந்நிகழ்வைப் பதிவுசெய்தார். உயிர்களைப் பறித்தது ஃபாலிடால் என்ற பெயரில் விற்கப்பட்ட பாரத்தியான் எனும் பூச்சிக்கொல்லி. அது நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியை முடக்கும்; கண்மணி சுருங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சு நிற்கும்.

இங்கே ஆதாயம் கருதிக் கலப்படம் செய்தவர் எவருமில்லை. கோதுமை மாவும் நஞ்சும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டன; கசிந்தது மாவில் ஊறியது. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் உணவை ஆக்குவோரையும் விற்போரையும் நோக்கியது. பூச்சிக்கொல்லி எதனுடன் சேர்த்து ஏற்றப்படுகிறது என்பது அதன் பார்வைக்கு வெளியே இருந்தது.

நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறியதோ 1968இல். உணவுப்பொருளைத் தொடும்படி பூச்சிக்கொல்லியை ஏற்றவோ வைக்கவோ கூடாதென்ற விதி வந்தது 1971இல். பத்தாண்டுக்கு மேற்பட்ட அந்த இடைவெளி ஆய்வுக்குரியது.

இன்று வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வகம் சந்தைக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சத்தை அளக்கிறது. 1958இல் நஞ்சு மாவை அடைந்தது விபத்தால். இன்று அளக்கப்படும் எச்சமோ வயலில் தெரிந்தே தெளிக்கப்பட்டதன் மிச்சம். உணவு நஞ்சின் வரலாற்றைக் கலப்படக்காரரின் வரலாறாக மட்டும் எழுதினால் இவ்விரண்டும் விடுபட்டுப்போகும்.