பூச்சிமருந்தும் அருகிவரும் உயிரினங்களும்: அமெரிக்கச் சட்டம் சொல்வது என்ன?

ஃப்ரீமாண்ட்டிலோ சன்னிவேலிலோ தெருவோரமாக நடந்தால், மழைநீர் வடிகாலின் வாயருகே ஓர் அறிவிப்பைப் பார்க்கலாம். இங்கே எதையும் கொட்டாதீர்கள், இது விரிகுடாவுக்குப் போகிறது என்று அது சொல்லும். வீட்டுக் குளியலறைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. தெருவில் வழிந்தோடும் மழைநீர் அப்படியல்ல. அநேக இடங்களில் அது நேராக ஓடைக்கும், அங்கிருந்து விரிகுடாவுக்கும் போய்ச் சேர்கிறது. ரோஜாச் செடிக்கு அடித்த மருந்தும், சுவரோரம் எறும்புக்குத் தெளித்த மருந்தும் அதே வழியில்தான் போகின்றன.

அந்த ஓடைகளிலும் சதுப்புநிலங்களிலும் அருகிவரும் உயிரினங்கள் சில எஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கும் மருந்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதுதான் கடந்த இருபதாண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்துவரும் வழக்கு.

கழுகு கற்றுத்தந்த பாடம்

பூச்சிமருந்து தான் குறிவைத்த பூச்சியோடு நிற்பதில்லை என்பதை அமெரிக்கா டிடிடி மூலம் அறிந்தது. வயலில் தெளித்த டிடிடி நீரில் கலந்து, மீன்களின் கொழுப்பில் சேர்ந்து, மீனைத் தின்ற வெண்தலைக் கழுகின் உடலுக்குள் போனது. கழுகு சாகவில்லை. ஆனால் அதன் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்தாலே உடைந்தது. 1960களின் தொடக்கத்தில் அலாஸ்கா நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் கூடு கட்டும் இணைகள் 500கூட இல்லை. ரேச்சல் கார்சனின் ‘சைலண்ட் ஸ்பிரிங்’ 1962இல் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, 1972இல், டிடிடியின் பெரும்பாலான பயன்பாடு தடை செய்யப்பட்டது. 2007இல் கழுகை அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுத்தபோது, இணைகளின் எண்ணிக்கை 10,000ஐ நெருங்கியிருந்தது.

ஆனால் ஒரு மருந்தை அடியோடு தடை செய்வது அபூர்வம். உழவர்களுக்கு மருந்து தேவைப்படுகிறது. ஆகவே எங்கே, எப்போது, எவ்வளவு, நீர்நிலையிலிருந்து எத்தனை அடி தள்டித் தெளிக்கலாம் என்ற கட்டுப்பாடுகளே நடைமுறையில் பெரும்பங்கு வகிக்கின்றன.

சட்டம் இருந்தது, நடக்கவில்லை

அமெரிக்காவில் பெரும்பாலான பூச்சிமருந்துகள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏவின் பதிவு இல்லாமல் விற்பனைக்கு வர முடியாது. 1973இல் வந்த அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கூட்டரசுத் துறைகள் அனைத்துக்கும் ஒரு கடமையை விதித்தது. ஒரு துறையின் முடிவு பட்டியலிலுள்ள ஓர் உயிரினத்தைப் பாதிக்கக்கூடும் என்றால், அத்துறை மீன் மற்றும் வனவிலங்குச் சேவையையோ, கடல்சார் மீன்வளச் சேவையையோ முதலில் கலந்தாலோசிக்க வேண்டும்.

மருந்துக்குப் பதிவு தருவதும் ஒரு முடிவுதான். ஆனாலும் பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான பதிவுகள் இந்த ஆலோசனை இல்லாமலே நடந்தன. இந்தக் கடமையை 5 சதவீதத்துக்கும் குறைவான முடிவுகளில்தான் நிறைவேற்றியிருப்பதாக ஈபிஏவே 2022இல் ஒப்புக்கொண்டது.

சால்மன் வழக்கு

சால்மன் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஓடைக்கே திரும்பி வருவது. வழி கண்டுபிடிக்க அதற்கு உதவுவது மோப்பம். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் மிகக் குறைந்த அளவிலும் அந்த மோப்பத்தை மங்கச் செய்யும். மீன் உயிரோடுதான் இருக்கும். ஆனால் வழி தவறும், எதிரியின் வாசனையையும் உணராது.

வாஷிங்டன் மாநிலச் சுற்றுச்சூழல் அமைப்புகளும் மீனவர் அமைப்புகளும் தொடுத்த வழக்கில், ஈபிஏ ஆலோசனை செய்யாதது சட்டமீறல் என்று சியாட்டில் கூட்டரசு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. 2004 ஜனவரியில் நீதிபதி ஜான் கூகனவர் இடைக்கால எல்லை வகுத்தார். வாஷிங்டன், ஒரேகான், கலிபோர்னியா மாநிலங்களின் சால்மன் ஓடைகளை ஒட்டி, குறிப்பிட்ட மருந்துகளைத் தரையிலிருந்து தெளித்தால் 60 அடியும், விமானத்திலிருந்து தெளித்தால் 300 அடியும் விட்டுவிட வேண்டும். சில வீட்டு உபயோக மருந்துகளுக்கு, நகரக் கடைகளில் சால்மனுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை வைக்கவும் உத்தரவானது.

நம் வீட்டருகே பதினொன்று

அடுத்து வழக்கு கலிபோர்னியாவுக்கு வந்தது. செங்கால் தவளைக்காகத் தொடுத்த வழக்கில் 2006இல் உடன்பாடு ஏற்பட்டு, அதன் வாழிடங்களில் 66 மருந்துகளுக்கு இடைக்காலக் கட்டுப்பாடு வந்தது. 2010இல் இன்னோர் உடன்பாடு விரிகுடாப் பகுதியின் அலமீடா, சான்டா கிளாரா, கான்ட்ரா கோஸ்டா, சான் மடேயோ உள்ளிட்ட எட்டு கவுன்டிகளில் 11 உயிரினங்களைக் கருத்தில் கொண்டது. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் ஊர்கள் பல இந்தக் கவுன்டிகளில்தான் இருக்கின்றன.

அந்தப் பதினொன்றில் சான் வாக்கீன் கிட் நரி, உப்புச் சதுப்புநில எலி, சான் பிரான்சிஸ்கோ கார்ட்டர் பாம்பு, டைகர் சாலமண்டர், டெல்டா ஸ்மெல்ட் என்ற சிறுமீன், பே செக்கர்ஸ்பாட் வண்ணத்துப்பூச்சி ஆகியவை அடங்கும். ஒவ்வொன்றையும் மருந்து தாக்கும் வழி வேறு. எலிமருந்து தின்ற எலியை நரி பிடித்துத் தின்றால் விஷம் நரிக்கு ஏறுகிறது. களைக்கொல்லி வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும் செடியையே இல்லாமலாக்குகிறது. பூச்சிகொல்லி, மீன்குஞ்சுகளின் இரையான நீர்ப்பூச்சிகளைக் கொல்கிறது.

எத்தனை அடி போதும்?

2008இல் கடல்சார் மீன்வளச் சேவை குளோர்பைரிபாஸ், டயசினான், மாலத்தியான் ஆகிய மூன்று மருந்துகள் பற்றிய தன் கருத்தை வெளியிட்டது. பட்டியலிலுள்ள 28 சால்மன் வகை இனக்கூட்டங்களில் 27இன் இருப்பையே இவை ஆபத்துக்குள்ளாக்கும் என்றது. தரைத் தெளிப்புக்கு 500 அடியும், விமானத் தெளிப்புக்கு 1,000 அடியும் விடச் சொன்னது.

மருந்து நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடின. 2013இல் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கருத்தை ரத்து செய்தது. பெரிய ஆறு, சிறிய ஓடை என்ற வேறுபாடு இல்லாமல் ஒரே தூரம் ஏன், இது பொருளாதார ரீதியில் சாத்தியமா என்பவற்றுக்கு விளக்கம் இல்லை என்று நீதிமன்றம் கருதியது. 1,000 அடி என்பது சிறு பண்ணை ஒன்றின் முழு நீளமாகவே இருக்கலாம். உழவரின் இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

பெரிய எண்களைப் படிக்கும் முறை

செய்திகளில் அடிபடும் சதவீதங்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். மாலத்தியான், பட்டியலிலுள்ள உயிரினங்களில் 97 சதவீதத்தைப் பாதிக்கக்கூடும் என்று ஈபிஏ 2017இல் மதிப்பிட்டது. இமிடாகுளோப்ரிட் பற்றிய 2022 மதிப்பீட்டில் அது 79 சதவீதம். ஓர் இனத்தின் ஒரே ஓர் உயிருக்குக் கேடு நேரலாம் என்றாலும் இந்தக் கணக்கில் அது சேரும். அந்த இனமே அழியும் என்பது அதன் பொருளல்ல. ஓர் இனத்தின் இருப்பே ஆபத்தில் உள்ளதா என்பது அடுத்த படி. அதை முடிவு செய்வது மேலே சொன்ன இரு சேவைகள்.

அதே சமயம், முதல் படியிலேயே இவ்வளவு பெரிய எண் வருவது, ஆலோசனை எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போடப்பட்டது என்பதையும் காட்டுகிறது.

2022க்குப் பிறகு

ஒவ்வொரு மருந்தையும் ஒவ்வோர் உயிரினத்தோடும் பொருத்திப் பார்த்தால் பல பத்தாண்டுகள் ஆகும். எனவே ஈபிஏ 2022இல் புதிய செயல்திட்டம் ஒன்றை அறிவித்தது. மருந்துகளை வகைவகையாக எடுத்து, ஆலோசனை முடியும்வரை காத்திராமல் முன்கூட்டியே பாதுகாப்பு விதிகளைச் சேர்ப்பது அதன் நோக்கம். களைக்கொல்லிகளுக்கான உத்தி 2024 ஆகஸ்டிலும், பூச்சிகொல்லிகளுக்கானது 2025 ஏப்ரலிலும் இறுதியாயின.

இவற்றில் ‘எல்லோருக்கும் ஒரே தூரம்’ என்ற முறை இல்லை. மருந்து நீரில் அடித்துச் செல்லப்படும் அபாயத்துக்கு ஏற்ப உழவர் புள்ளிகள் சேர்க்க வேண்டும். மூடுபயிர் வளர்த்தால், வயலோரம் புல்வரப்பு விட்டால், உழவைக் குறைத்தால் புள்ளி கிடைக்கும். வழிந்தோட்டம் குறைவான கவுன்டிகளில் இருப்பவர்களுக்கு இயல்பாகவே சில புள்ளிகள் உண்டு. காற்றில் பறப்பதைத் தடுக்க, பெரிய துளிகளாகத் தெளிப்பதும் காற்றுத் தடுப்பு மரங்களும் உதவும். தெளிப்பதற்கு முன் ஈபிஏ இணையதள வரைபடத்தில் தன் நிலத்துக்குத் தனிக்கட்டுப்பாடு உண்டா என்று பார்க்கும்படியும் சில லேபிள்கள் சொல்கின்றன. கணக்கு சிக்கலானது, சிறு விவசாயிகளுக்குச் சுமை என்பது உழவர் தரப்பு. வேகம் போதாது என்பது சுற்றுச்சூழல் அமைப்புகளின் தரப்பு.

வீட்டுத் தோட்டத்தில்

குளோர்பைரிபாஸ், டயசினான் இரண்டும் 2000களின் தொடக்கத்தில் வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கப்பட்டன. அவற்றின் இடத்தைப் பைரித்ராய்டு வகைகள் பிடித்தன. சில ஆண்டுகளில் கலிபோர்னிய நகர ஓடைகளின் வண்டலில், நுண்ணிய நீர்வாழ் உயிர்களைக் கொல்லும் அளவுக்கு அவை தென்பட்டன. மருந்தை மாற்றுவது மட்டும் தீர்வாகாது, எவ்வளவு அடிக்கிறோம் என்பதும் முக்கியம்.

கலிபோர்னியாவில் 2021 முதல் வீரியமிக்க இரண்டாம் தலைமுறை எலிமருந்துகளின் பெரும்பாலான பயன்பாட்டுக்குத் தடை உண்டு. 2025 முதல் இமிடாகுளோப்ரிட் போன்ற நியோநிகோடினாய்டு மருந்துகளை வீட்டுத் தோட்டத்துக்கென்று கடையில் வாங்க முடியாது.

நம்மவர்களைத் தனியாகத் தொடும் செய்தி ஒன்று உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் விருப்பமான செடி. அந்தப் பூச்சி கண்டறியப்பட்டால், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மாநில வேளாண் துறையினர் முன்னறிவிப்புத் தந்து மருந்திடுவதுண்டு. அந்த மருந்துகளில் இமிடாகுளோப்ரிட்டும் ஒன்று. தடைப்பகுதியிலிருந்து நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒரு கறிவேப்பிலைக் கன்று, புதிய தெரு ஒன்றில் மருந்து விழக் காரணமாகலாம். அங்கீகரிக்கப்பட்ட நர்சரியில் கன்று வாங்குவதும், கன்றையோ கொத்தையோ தடைப்பகுதிக்கு வெளியே எடுத்துச் செல்லாமல் இருப்பதும் நாம் செய்யக்கூடியவை.

மற்றபடி செய்யவேண்டியது கொஞ்சம்தான். மழை வரும் நாளுக்கு முன் தெளிக்க வேண்டாம். சிமெண்டுத் தரையில் தெளிக்க வேண்டாம். மிச்ச மருந்தை வடிகாலில் ஊற்றாமல், கவுன்டியின் அபாயகரக் கழிவு மையத்தில் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக லேபிளைப் படிக்க வேண்டும். அது வெறும் அறிவுரை அல்ல, அதை மீறிப் பயன்படுத்துவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். தவளைக்கும் சால்மனுக்கும் நீதிமன்றங்களில் பெற்ற பாதுகாப்பெல்லாம் கடைசியில் அந்தப் பொடி எழுத்துகளில்தான் வந்து முடிகிறது. அதைப் படிக்க நமக்கு ஐந்து நிமிடம் போதும்.