பிள்ளைத்துணி வெளுத்த கதை

பீத்துணியைப் பத்தி எழுதப்போறேன்னதும் பட்டணத்து வாசகர்கள் கொஞ்சம் முகம் சுளிக்கலாம். ஆனா இப்போ அங்கே ‘துணி டயப்பர்’னு பட்டன் வச்சு, பூப்போட்டு, நல்ல விலைக்கு விக்கிறாங்களாமே. எங்க தென்காசிப் பக்கத்துல அதுக்கு விலையே கிடையாது. தாத்தாவோட பழைய எட்டு முழ வேட்டி நைஞ்சு பஞ்சு மாதிரி ஆனதும் கிழிச்சு மடிச்சு வச்சிருவாங்க. புதுத்துணி பிள்ளைக்கு உறுத்தும்.

துவைக்கிறதுக்கு ஆச்சி வச்சிருந்த முறை ரொம்ப எளிசு. முதல்ல பச்சைத்தண்ணியில அலசணும். எடுத்த எடுப்புல வெந்நியில போட்டா கறை துணியோட ஒட்டிப்போகும். அப்புறம் சாம்பலைக் கரைச்சுத் தெளியவச்ச தண்ணியில ஊறப்போட்டு, கசக்கி, உச்சிவெயில்ல காயப்போடுறது. சாம்பல்லயும் உவர்மண்ணுலயும் காரம் இருக்கு. சோப்புக்கு முந்தி அதுதான் சோப்பு. வெயிலு மிச்சக் கறையை வெளுக்கும்.

குற்றாலச் சாரல்லதான் சங்கடம். ஆனி, ஆடியில பிள்ளை பெத்த வீட்டுல துணி காயவே காயாது. கங்குல சாம்பிராணியைத் தூவி, மேலே கூடையைக் கவுத்து, அதுமேல துணியை விரிப்பாங்க. அந்த வாசனை வீசுற வீட்டுல கைப்பிள்ளை இருக்குன்னு தெருவுக்கே தெரியும்.

சரி, இது வீட்டுக் கதை. இதுக்கு முன்னால ஒண்ணு இருக்கு. பிரசவத்து ரத்தத்துணியும், தீட்டுக் கழியிற வரைக்கும் உள்ள துணியும் வீட்டுக்காரங்க கையால துவைக்கிற வழக்கம் இல்லை. வண்ணார் வீட்டு அம்மா வந்து மூட்டை கட்டி எடுத்துட்டுப் போவாங்க. உவர்மண் கரைச்ச தண்ணியில முக்கி, வெள்ளாவிப் பானைமேல அடுக்கி, விடிய விடிய ஆவியில வேகவச்சு வெளுத்துக் கொண்டாருவாங்க. ஆவியில வேகுறப்போ கிருமியும் சாகும். ஆஸ்பத்திரியில துணியை ஆவியில அவிக்கிறாங்களே, அதே வேலைதான். கூலியா ராத்திரிச் சோறு, அப்புறம் கார் அறுப்புக்கும் பிசான அறுப்புக்கும் களத்துல கொஞ்சம் நெல்லு. அவங்க தயவுல பிழைச்ச தாயும் பிள்ளையும் எத்தனையோ. ஆனா அவங்களைத் திண்ணைக்குக் கீழேதான் நிறுத்தினாங்க.

அதைவிடக் கொடுமை ஒண்ணு. தாழ்த்தப்பட்ட மக்களோட துணியை ஊர் வண்ணார் தொடமாட்டாங்க. அதுக்குன்னு தனியா புதிரை வண்ணார் இருந்தாங்க. 1932 டிசம்பர் 24 ‘இந்து’ பத்திரிகையில நம்ம திருநெல்வேலி ஜில்லாவைப் பத்தி ஒரு செய்தி வந்தது. அப்போ தென்காசியும் அந்த ஜில்லாதான்; தனி மாவட்டமானது 2019-லதான். அந்தச் செய்தியில இவங்களைக் ‘கண்ணால் காணக்கூடாதவர்கள்’னு சொல்லியிருந்தது. பகல்ல வெளியே வரக்கூடாது, பார்த்தாலே தீட்டு. நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் நடுவுலதான் துணி வெளுக்கணும். பேட்டிக்குக் கூப்பிட்டதுக்குக்கூட வீட்டைவிட்டு வெளியே வர ரொம்பத் தயங்கினாங்களாம். 1931 சென்சஸ் கமிஷனர் ஹட்டன் தன்னோட சாதி பத்தின புத்தகத்துல இதை எடுத்துச் சொல்லியிருக்கார்.

யோசிச்சுப் பாருங்க. வெயில் இல்லாம துணி எப்படி வெளுக்கும்? துணிக்கு வெயில் வேணும், துவைச்சவங்களுக்கு மட்டும் வெயில் கூடாதுன்னு வச்சிருக்கு ஊர். ‘தீண்டாமை’ன்னு பாடப்புத்தகத்துல படிச்சிருக்கோம். ‘காணாமை’யை எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லித்தரலை.

இவங்க வாழ்க்கையை எழுத்தாளர் இமையம் ‘கோவேறு கழுதைகள்’ நாவல்ல எழுதியிருக்கார். 1994-ல வந்தது. புதிரை வண்ணார் நல வாரியம் அமைஞ்சது 2009-ல. அந்த ‘இந்து’ செய்திக்கும் வாரியத்துக்கும் நடுவுல எழுபத்தேழு வருஷம்.

சவக்காரம் வந்தது, 1959-ல சர்ஃப் வந்தது, 1969-ல நிர்மா. கிராமத்துக்கு இதெல்லாம் மெதுவாத்தான் வந்துச்சு. வண்ணார் வீட்டுப் பிள்ளைகள் படிச்சு வேற வேலைக்குப் போனாங்க, போகத்தான் வேணும். வெள்ளாவி அணைஞ்சதுல எனக்கு வருத்தமே இல்லை. ‘அந்தக் காலம் பொற்காலம்’னு எழுதுறவங்க ஒரு ராத்திரி அந்த மூட்டையைச் சுமந்து பார்த்துட்டு எழுதட்டும்.

அப்புறம் வந்தது தூக்கிப்போடுற டயப்பர். அமெரிக்காவுல 1961-லயே பாம்பர்ஸ் வந்தாச்சு, நம்ம பக்கம் பரவினது ரொம்பப் பின்னால. இப்போ சீசன் முடிஞ்சு கார் பட்டத்து வாய்க்கால்ல பார்த்தா, குற்றாலத்துக் குளியல்காரங்க போட்டதோ நம்ம ஊர்க்காரங்க போட்டதோ, மடையில வந்து அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. உள்ளே இருக்கிற பொடி தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு, பன்னி வயிறு மாதிரி உப்பிப்போகுது. மண்வெட்டியால தள்ளினா பிஞ்சு, கூழு மாதிரி வயலுக்குள்ள ஓடுது. மாடு வாய்வைக்குமோன்னு பயம்.

2016 திடக்கழிவு விதியில, இதை உறையிலயோ பேப்பர்லயோ சுத்தித்தான் கொடுக்கணும்னு இருந்துச்சு. உறையைத் தயாரிக்கிற கம்பெனியே தரணும்னும் இருந்துச்சு. நான் மடையில எடுத்த ஒண்ணுலயும் உறையைப் பார்க்கலை. அதைப் பிரிச்சு அள்ளுறது தூய்மைப் பணியாளர் அம்மாதான், பாதி நாள் கையுறை இல்லாம. எங்க வீட்டுப் பேரனுக்கு ராத்திரிக்கு மட்டும் டயப்பர், பகலெல்லாம் வேட்டித்துணி. அலசுறது அவன் அப்பன்.