முழங்கால் ஒட்டும் கம்பளிக் கடனும்

கவ்வாத்து நடக்கிற மாசங்களில் லயத்துக்குப் பின்னால் இருக்கிற கொடியைப் பாருங்க. சாரம், துவாய், ஸ்கூல் யூனிபோர்ம் எல்லாவற்றுக்கும் நடுவில் பழைய டெனிம் ஒன்று தொங்கும். (கடல் தாண்டி இருக்கிற நண்பர்களுக்கு: நீங்க ஜீன்ஸ் என்று சொல்வதைத்தான் நாங்க இங்க டெனிம் என்கிறோம்.) இரண்டு முழங்காலிலும் வேறு நிறத்தில் ஒட்டு. சிலதில் ஒட்டுக்கு மேலே இன்னொரு ஒட்டு.

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தியால் தரித்துவிடுவது. வெட்டின வாது ஒவ்வொன்றும் ஈட்டி மாதிரி நிற்கும். சரிவில் குனிந்து அதுக்குள்ளே நகரும்போது முதலில் போவது முழங்கால்தான். கந்தப்பளை, நானுஓயாப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போகிறவர்களுக்கும் இதே கதை. கரட்டுப் பாத்தியில் களை எடுக்க மண்டி போடாமல் முடியாது.

இந்த ஒட்டுக்கு ஒரு வரலாறு இருக்குமா என்று தேடத் தொடங்கினோம். கண்டி ஹந்தானையில் 2001இல் ஒரு பழைய தொழிற்சாலையையே தேயிலை நூதனசாலையாக்கித் திறந்தார்கள். அங்கே கொழுந்து அரைத்த இயந்திரங்கள் இருக்கின்றன, 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் இருக்கின்றன. ஆனால் தொழிலாளியின் வேலைத்துணி மிஞ்சுவது கஷ்டம். எங்க வீடுகளில் துணி கிழிந்தால் ஒட்டு, ஒட்டும் போனால் கரித்துணி, கடைசியில் அடுப்பு. துரையின் கோட்டு பெட்டியில் தூங்கும். எங்க தாத்தாவின் துணி தேய்ந்து இல்லாமல் போய்விடும். அதனால் இந்த வரலாற்றைத் துணியில் தேடிப் பயனில்லை, கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

கணக்கு கம்பளியில் தொடங்குகிறது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பி போட்ட காலம் தொட்டு (கம்பளிக்கும் கம்பளைக்கும் சம்பந்தமில்லை, சத்தம்தான் ஒன்று) தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆட்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். வறண்ட ஊரிலிருந்து ஒற்றை வேட்டியோடு வந்தவர்களுக்கு நுவரெலியாக் குளிர் எப்படி இருந்திருக்கும்? தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது முரட்டு ஆட்டுமயிர்க் கம்பளி. பகலில் அதை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டால் மழைக்கு மறைப்பு, ராத்திரியில் அதுவே படுக்கை. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் தங்கள் இங்கிலீசில் ‘கம்ப்ளி’ என்றே எழுதினார்கள்.

ஆனால் அது சும்மா கிடைக்கவில்லை. வழிச்செலவு, அரிசி, துணி, கம்பளி எல்லாம் ஆளின் பேரில் கடனாக ஏறியது. வேலை செய்து கழிக்க வேண்டும். அந்தக் கடன் கழியாமல் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும், அதாவது கடன் தொகை எழுதின சீட்டு. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால் ஆள் அங்கே போகலாம். கடன் மட்டும் கூடவே போகும். உடம்பை மூடின துணியின் விலையும் அந்த உடம்பைக் கட்டிப் போட்ட கயிற்றில் ஒரு இழை. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான்.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் எங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு சம்பவம் நடந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், தோட்டத்துக்குள்ளே ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்க்க விரும்பினார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. ஆனால் ஒரு ஆளை மட்டும் உள்ளே விடுவார்கள், புடவை வியாபாரியை. அவர் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வியாபாரி வேஷத்தில் உள்ளே போனார். பின்னாளில் ‘தேசபக்தன்’ பத்திரிகை நடத்தி, 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியவர் இவர்தான். சாரல்நாடன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வாசித்துப் பாருங்க. எங்களை யோசிக்க வைத்தது அந்த வேஷத்தை அவர் தேர்ந்தெடுத்த விதம். அரசியல் பேசுகிறவனுக்குப் பூட்டின கேட், துணி விற்கிறவனுக்குத் திறந்தது. ஏன் திறக்காது? லயத்தில் துணி இல்லாமல் வேலை நடக்காது. வியாபாரியின் புடவைக்கும் காசு தொழிலாளியுடையதுதான்.

அந்தக் காசு எவ்வளவு? 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி, 1929 ஜனவரியில் அமுலுக்கு வந்த நாள் கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஆண் பெண் கூலி சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு அநியாயம் யாரும் எழுதாமல் கிடக்கிறது. குறைந்த கூலி வாங்கினவள்தான் பொழுது சாய்ந்து வந்து, சமைத்து, புருஷனின் கிழிந்த களிசானையும் தைத்தாள். அந்தத் தையலுக்கு எந்தச் செக்ரோலிலும் பேர் போடவில்லை.

அவளுடைய சொந்த வேலைத்துணியையும் அவளேதான் செய்துகொண்டாள். கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு முழங்காலைவிட இடுப்பும் தொடையும்தான் செடியில் உரசும். காலையில் பனித்தண்ணி வேறு. அதற்குத்தான் இடுப்பைச் சுற்றிப் படங்கு. ஒரு காலத்தில் கோணிச்சாக்கு, பிறகு உரச்சாக்கு, இப்போ தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. தோட்டத்துக்கு உரம் வந்த சாக்கை உதறிக் கழுவி உடம்பில் கட்டிக்கொண்டு, அதே தோட்டத்துக்கு வேலை செய்தார்கள். கொழும்பில் பிளாட்டே ஸ்டூடியோ போட்ட பழைய தபாலட்டைகளில் கொழுந்துக்காரிகள் மூக்குத்தியும் வளையலுமாய், மடிப்புக் கலையாத சேலையில் நிற்பார்கள். அந்தப் படங்களை நாங்களும் பகிர்ந்திருக்கிறோம், அழகுதான். ஆனால் படங்கு கட்டாமல் மலைக்குப் போனவளை எங்க பாட்டிமார் யாரும் கண்டதில்லை.

சரி, இந்தக் கணக்குக்குள் டெனிம் எப்போ வந்தது? கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும். வேலைக்கான நீலத் துணி ஐரோப்பாக்காரன் தனியாகக் கண்டுபிடித்ததல்ல. ‘டங்கரி’ என்கிற இங்கிலீசுச் சொல்லே பம்பாயின் டோங்ரியில் விற்ற முரட்டுப் பருத்தியின் பேரிலிருந்து போனது. அமெரிக்காவின் நெவாடாவில், ரீனோ என்கிற ஊரில், விறகு வெட்டுகிற ஒருவரின் மனைவி, கிழியாத களிசான் ஒன்று வேண்டும் என்று ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரிடம் கேட்டார். அவர் பொக்கெட் மூலைகளில் செம்பு ஆணி அடித்துக் கொடுத்தார். துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இங்கே கோப்பியில் இலைநோய் பரவிக்கொண்டிருந்த அதே வருஷங்கள். அங்கேயும் கேட்டது ஒரு மனைவிதான் என்பதைக் கவனியுங்க. ஆனால் செம்பு ஆணி பொக்கெட்டுக்குத்தான், முழங்காலுக்கு இல்லை. முழங்காலை இரட்டைத் துணியில் தைக்கிற வேலைக்களிசான்கள் அங்கே பின்னாளில் வந்தன. எங்க பக்கம் அது வந்து சேரவில்லை.

இங்கே டெனிம் பரவினது 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு. 1978இல் கட்டுநாயக்க வலயம் வந்தது, 1992இல் 200 கார்மென்ட் திட்டம் வந்தது. மலையகத்து அக்காமாரும் தங்கச்சிமாரும் லைனில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரனுக்கு டெனிம் தைத்தார்கள். கழிவாகி வந்த உருப்படிகள் நடைபாதைக் கடைகளுக்கு வந்தன. தம்பி அதை டவுனுக்குப் போட்டான். நிறம் போனதும் அப்பா அதைக் கவ்வாத்துக்குப் போட்டார்.

இன்னொரு பக்கம், புதுத் துணியின் முழங்காலைப் பழசாக்கவே தொழிற்சாலைகள் இருந்தன. துருக்கியில் டெனிமில் மணல் பீய்ச்சின தொழிலாளிகள் நுரையீரல் நோயில் செத்த பிறகு, 2009இல் அந்த முறையை அங்கே தடை செய்தார்கள். கிழிசல் ஸ்டைலைக் கிண்டல் பண்ண நாங்க வரவில்லை, எங்களிடமும் ஒன்றிரண்டு இருக்கிறது.

இனி ஒட்டுக்கு வருவோம். ஹட்டனில் மெஷின் போட்டிருக்கிற அண்ணன் ஒருத்தர் எங்களுக்குக் காட்டித் தந்தார். "ஓட்டை அளவுக்கே துண்டு வெட்டினீங்கன்னா ஒரு மாசத்துல ஓரத்துல பிச்சுக்கும் தம்பி" என்றார். கிழிசலைச் சுற்றித் துணி இளைத்திருக்கும், தையல் அதைத் தாண்டி நல்ல துணியில் விழ வேண்டும். அதனால் ஒட்டு முழங்காலுக்கு மேலும் கீழும் நாலு விரல் கூடுதலாக இருக்கும். மூலை கூராக இருந்தால் அங்கேதான் முதலில் தூக்கும், வளைத்து வெட்டணும். கால் குழாய்க்குள் மெஷின் போகாது. அதனால் பக்கத் தையலைப் பிரித்து, துணியை விரித்து ஒட்டைப் போட்டுவிட்டு மறுபடி மூடுகிறார். உள்பக்கத் தையல் மடித்து இரட்டையாக அடித்தது, அதைத் தொட்டால் அரை நாள் போகும். புதுத் துணி வைப்பதில்லை. அது துவைக்கும்போது சுருங்கிப் பழசை இழுக்கும். இன்னொரு செத்த டெனிமின் பின்தொடைப் பக்கம்தான் நல்லது, அங்கே தேய்மானம் குறைவு.

ஏன் புதுசு வாங்காமல் இவ்வளவு பாடு? கஞ்சத்தனம் என்று நினைக்காதீங்க. தோட்டத்தில் வருஷத்துக்கொரு தடவை புதுத்துணி வருவது தீபாவளி முற்பணத்தில். அது சம்பளச் சீட்டில் மாசா மாசம் கழியும். கழிந்து முடிகிற நேரத்தில் அடுத்த தீபாவளி வந்து நிற்கும். பல வருஷம் போராடி 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1,000 ரூபாவானது, மறுவருஷமே ரூபா சரிந்தது. கம்பளிக் கடனும் தீபாவளி முற்பணமும் ஒன்றே என்று சொன்னால் அது மிகை. துண்டு இல்லை, ஆளைக் கட்டிப் போடும் சட்டம் இல்லை. ஆனால் புதுத்துணி கடனாகத்தான் வீட்டுக்குள் வரும் என்கிற வழக்கம் அப்படியே இருக்கிறது. ஒட்டுப் போட்ட ஒவ்வொரு முழங்காலும் அந்தக் கடனை இன்னும் சில மாசம் தள்ளி வைக்கிறது.

எங்கள் குழுவில் ஒருத்தரின் அப்பா போன தீபாவளிக்கு முற்பணம் எடுக்கவில்லை. அவருடைய டெனிமில் இப்போ நாலாவது ஒட்டு.