இறங்குபவர் ஒதுங்குக: சேர்வராயன் மலையில் அரசும் ஒழுங்கும் தன்னடக்கமும்

சேலத்து அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. சிமெண்டு மூட்டை ஏற்றிய லாரி முதல் கியரில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கும். மேலிருந்து பேருந்து இறங்கி வரும். வளைவுக்குச் சற்று முன்பே பேருந்து ஓட்டுநர் ஓரம் கட்டி நிறுத்திவிடுவார். லாரி பேருந்தை உரசாத குறையாகக் கடந்து போகும். லாரிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்திக் காட்டுவார். அவ்வளவுதான், பேச்சு இல்லை, சண்டை இல்லை, அந்த வளைவில் காவலரும் இல்லை.

மலைச்சாலையில் இடம் போதாதபோது இறங்குகிற வண்டி ஒதுங்கி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதிகள் சொல்கின்றன. பாரத்தோடு ஏறுகிற வண்டி நடுவில் நின்றால் மறுபடி கிளப்புவது கடினம். பின்னால் உருளவும் கூடும். இறங்குகிறவருக்கு நிற்பது எளிது. ஆகவே, எளிதாக நிற்கக்கூடியவர் நிற்க வேண்டும் என்பதே விதியின் சாரம். இப்படி ஒரு விதி எழுதப்பட்டிருப்பதே பல ஓட்டுநர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆயினும் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறார்கள் என்பதுதான் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி.

அச்சத்தால் நிற்கிறார்கள் என்பது ஒரு விடை. 1651இல் வெளியான தம் 'லெவியதான்' நூலில் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் இந்த வழியில்தான் போனார்: எல்லோரையும் அச்சுறுத்தி அடக்கும் பொது அதிகாரம் ஒன்று இல்லையேல் மனிதர் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டே இருப்பர் என்பது அவர் முடிவு. நல்ல மனத்தால் நிற்கிறார்கள் என்பது இன்னொரு விடை. இரண்டும் போதா. ஆளில்லாத வளைவில் யாருக்கு அஞ்சுவது? நல்ல மனம் மட்டுமே காரணமென்றால், அதே ஓட்டுநர் சேலம் நகருக்குள் சிக்னலில் முண்டியடிப்பது ஏன்? நான் முன்வைக்கும் விடை வேறு: இன்று நான் நின்றால் நாளை நான் ஏறும்போது எதிரே வருகிறவரும் நிற்பார் என்ற நம்பிக்கை இந்தச் சாலையில் இருக்கிறது. தன்னடக்கம் தனிமனித நற்பண்பு மட்டுமன்று; மற்றவரும் அடங்குவர் என்ற நம்பிக்கையில் வேரூன்றும் பழக்கம் அது. அந்த நம்பிக்கை கெடாமல் காப்பதே அரசின் முதல் வேலை. அதைக் காக்க அரசு முதலில் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும்.

தமிழே இதற்கு ஒரு சான்று தருகிறது. 'அடங்கு' தன்வினை, 'அடக்கு' பிறவினை. ஒருவர் தாமே அடங்குவதும் ஒருவரை மற்றொருவர் அடக்குவதும் ஒரே வேரில் கிளைத்தவை. 'அடக்கம்' என்கிறபோது நாம் போற்றுகிறோம், 'அடக்குமுறை' என்கிறபோது எதிர்க்கிறோம். இடையில் இருக்கும் கோடு மெல்லியது. வள்ளுவர் அடக்கமுடைமையைத் துறவறவியலில் வைக்கவில்லை. இல்லறவியலில், பதின்மூன்றாம் அதிகாரமாக வைத்தார். அதாவது, காட்டுக்குப் போய்த் தனித்திருப்பவனுக்குரிய நோன்பாக அல்லாமல், அண்டை அயலோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டு வாழ்கிறவனுக்குரிய பண்பாக அதைக் கண்டார். பொருட்பாலில் செங்கோன்மையை அடுத்தே கொடுங்கோன்மையை வைத்ததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளில் வாழவந்தியும் ஒன்று. ஊர்ப்பெயரைப் பிரித்தால் 'வாழ வந்தவள்' என்று பொருள் வருகிறது. பெயர் எப்படி வந்ததாயினும், இம்மலையின் மக்கள் தம்மைப் பற்றிச் சொல்லும் கதையும் வாழ வந்த கதைதான். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்து சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது மலையாளிப் பழங்குடியினரின் மரபுவழிச் செய்தி. (கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளிலேயே இப்பெயர். பேசுவது தமிழ்.) மலையை நாடுகளாகப் பிரித்து, நாட்டுக்கு ஒரு பட்டக்காரர், ஊருக்கு ஓர் ஊர்த்தலைவர் என அமைத்துக்கொண்டு, நிலத்தகராறு, மணமுறிவு, திருட்டு ஆகியவற்றை ஊர்கூடிப் பேசித் தீர்த்தார்கள். சேர்வராயன் மலையில் மூன்று நாடுகள் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகள் பதிவு செய்கின்றன.

மலைவாசிகளை 'அரசு எட்டாதவர்கள்' என்று பார்ப்பதைவிட 'அரசிடமிருந்து விலகிச் சென்றவர்கள்' என்று பார்க்க வேண்டும் என 2009இல் அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் தென்கிழக்காசிய மலைகளை வைத்து வாதிட்டார். காஞ்சிக் கதையை அந்த வெளிச்சத்தில் படிக்க ஆசை எழுவது இயல்பு. ஆனால் அரசிலிருந்து விலகியவர்கள் ஆட்சியிலிருந்து விலகவில்லை. மேலே ஏறி வந்ததும் அவர்கள் முதலில் அமைத்துக்கொண்டவற்றில் ஒன்று பட்டக்காரர் முறை. சமூகம் இருந்தால் ஏதோ ஒரு வடிவில் ஆட்சி இருக்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேடவேண்டியதில்லை. அந்த ஆட்சியின் ஆற்றல் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்பதில் இருந்தது. பட்டக்காரருக்குப் படை கிடையாது. தண்டம் கட்டாதவனோடு நாளைக்கு யாரும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கமாட்டார்கள் என்ற நினைப்பே போதும். பொதுவளம் கேட்பாரற்றுப் போனால் அழியும் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதியதற்கு, எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் மறுமொழி தந்தார்: சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் மலைகளிலும் ஸ்பெயினின் வாய்க்கால்களிலும் ஊரார் தாமே விதி செய்து, தாமே கண்காணித்து, சிறிய தவறுக்குச் சிறிய தண்டனை, மீண்டும் செய்தால் பெரியது என்று படிப்படியாக விதித்து நூற்றாண்டுகளாகக் காத்து வந்திருக்கிறார்கள். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பார்த்தது ஏறத்தாழ ஓர் ஊர்ப் பஞ்சாயத்தைத்தான்.

இதைச் சொல்லும்போதே, பழைய முறையை அழகாக்கிக் காட்டும் குற்றத்தைச் செய்துவிடக் கூடாது. ஊர்க்கட்டு என்பது ஆண்கள் கூடிப் பேசும் சபை. தன்னைப் பற்றிய வழக்கில் தானே பேச முடியாத பெண்ணுக்கு, ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பத்துக்கு, மேல்முறையீடு என்று எதுவும் இல்லை. முகம் தெரிந்தவர்களின் ஆட்சி முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் செய்யும்.

அதைவிடப் பெரிய குறை, முகம் தெரியாதவர் வந்தபோது வெளிப்பட்டது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் இம்மலைக்குக் காப்பி வந்தது. அதன் பின்னால் தோட்டக்காரர்கள் வந்தார்கள். பட்டக்காரரின் சொல் ஆங்கிலேயத் தோட்டக்காரரைக் கட்டுமா? ஊரோடு கொள்வினை கொடுப்பினை இல்லாதவனை ஊர் எதைச் சொல்லி அடக்கும்? அறியாதவர்க்கு இடையிலும் செல்லுபடியாகும் விதி தேவைப்பட்ட இடம் அதுதான். அந்த இடத்தில் எழுதப்பட்ட சட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் வந்த சட்டம் எந்தப் பக்கம் பார்த்தது? சென்னை மாகாண அரசு 1878இல் காப்பித் திருட்டைத் தடுக்கத் தனிச் சட்டம் செய்தது. 1882இல் வனச்சட்டம் செய்தது. 1903இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் செய்து, ஒப்பந்தத்தை மீறிய கூலியாளைத் தண்டிக்க வழிவகுத்தது. தொழிலாளிக்குக் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் தரவேண்டும் என்று தோட்ட முதலாளியைக் கட்டும் சட்டத்துக்கு 1951 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏறுகிறவனை நிறுத்திவைத்து இறங்குகிறவனுக்கு வழிவிட்ட சட்டங்கள் அவை. அரசு இருந்தது; ஒழுங்கும் ஒரு வகையில் இருந்தது; நம்பிக்கை மட்டும் விளையவில்லை. அந்தச் சட்டங்களுக்கு அஞ்சியவர்கள் இருந்திருப்பார்கள். தம் சட்டம் என்று அவற்றை மதித்தவர்கள் இருந்திருக்க முடியாது.

அரசு தன்னடக்கத்தையே சட்டமாக்க முனைந்த நிகழ்ச்சியும் இதே மாவட்டத்தில்தான் நடந்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்தது. அது திடீரென வந்ததன்று. 1925இலேயே ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகில் காந்தி ஆசிரமம் நிறுவி, மதுவை எதிர்த்து 'விமோசனம்' என்ற இதழைக் கல்கியின் துணையோடு நடத்தி, ஊர் ஊராகப் பேசிய பின்பே சட்டம் வந்தது. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இந்த வரிதான். குடிக்காதே என்று மக்களைக் கேட்ட அரசு, குடியால் வந்த காசை முதலில் தான் விட்டது. குடியைத் துறக்கச் சொன்னவர்கள் கஜானாவின் பழக்கத்தையும் துறந்தார்கள். பின்னாளில் அந்த அடக்கம் அரசிடம் நிலைக்கவில்லை. 1971இல் மதுவிலக்குத் தளர்ந்தது, மீண்டும் வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது, 1983இல் மதுவை மொத்தமாக விற்கும் அரசு நிறுவனமாக டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. விற்கிற கையே குடியைக் கண்டிக்கும் கையாகவும் இருக்கையில் அந்தக் கண்டிப்பை யார் நம்புவார்கள்?

இதன் மறுமுனையை 2024 சூனில் கண்டோம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதையொட்டி எல்லோர் கண்ணும் சாராயம் காய்ச்சும் மலையென்று கல்வராயன் மலைப்பக்கம் திரும்பியது. அம்மலையும் மலையாளிகள் வாழும் மலை. அங்குள்ளவர்கள் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று பேசுவது எளிது, அது நியாயமன்று. 1976 வரை அம்மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு விடுதலை பெற்று கால் நூற்றாண்டுக்குப் பிறகே அரசு நிர்வாகம் அங்கே ஏறியது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் பின்தங்கின. அந்த நச்சுச் சாராயச் சாவுகளுக்குப் பின், அம்மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. காக்கவேண்டிய அரசு பல தலைமுறை வராமல் இருந்துவிட்டு, தண்டிக்கும் அரசாக மட்டும் வந்தால் விதியை மதிக்கும் பழக்கம் எங்கே விளையும்?

வரி கட்டுதல் போன்ற கடமைகளை மக்கள் பாதி விருப்பத்தோடும் பாதிக் கட்டாயத்தோடும் செய்கிறார்கள் என்று அரசியல் அறிஞர் மார்கரெட் லெவி 1988இல் விளக்கினார்: மற்றவரும் கட்டுகிறார்கள், ஆள்வோரும் சொன்ன சொல்லைக் காக்கிறார்கள் என்று தெரிந்தால் விருப்பம் மேலோங்கும், தெரியாவிட்டால் கட்டாயம் மட்டுமே மிஞ்சும். இது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைக்குப் பெயர் எழுதத் தகுதியற்றவர் யார் என்று நீளமாகப் பட்டியலிடுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் அதில் அடங்குவர். அது நிலவுடைமையுள்ள அந்தணர் சபை. குடியாட்சி என்று அதைக் கொண்டாடுவது மிகை. எனினும், ஆளப்படுகிறவரை அடக்கும் முன் ஆளுகிறவரை அடக்க விதி செய்தார்கள் என்பது மறுக்க முடியாதது.

இந்த அளவுகோலால் இன்றைய ஊராட்சியை அளந்தால் மனம் வருந்துகிறது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243இ பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் 2019 டிசம்பரில்தான் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்களே ஆண்டார்கள். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 சனவரியில் முடிந்தபோதும், சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர்களே நியமிக்கப்பட்டார்கள். வீட்டு வரி கட்ட ஒரு மாதம் தாமதித்தவரிடம் அறிவிப்பைக் கொண்டுவந்து நீட்டும் அரசு, தன் கடமையைச் செய்ய ஆண்டுக்கணக்கில் தாமதித்தால், கிராம சபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் என்ன பாடம் கற்றுக்கொள்வார்?

பழங்குடி மலைகளுக்குத் தன்னாட்சி தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே வராது. அச்சட்டம் பொருந்தக்கூடிய, அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. எஞ்சியிருப்பது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். காட்டின் மீது யாருக்கு என்ன உரிமை என்று தீர்மானிக்கத் தொடங்கும் அதிகாரத்தை அது கிராம சபைக்கே தருகிறது. அதோடு காட்டையும் காட்டுயிரையும் நீர்நிலைகளையும் காக்கும் பொறுப்பையும் அதே சபையின் தோளில் வைக்கிறது. உரிமையையும் அடக்கத்தையும் ஒரே சட்டத்தில், ஒரே சபைக்குக் கொடுத்தது என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பட்டக்காரர் சபையின் பழைய குறைக்கும் இச்சட்டத்தின் விதிகளில் மருந்து இருக்கிறது. உறுப்பினரில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். இல்லையேல் தீர்மானம் செல்லாது.

மாசி மாதம் வாழவந்திப் பக்கம் போனால் சாலையோரச் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். பழுத்த சரங்கள் நடந்துபோகிறவரின் கைக்கு எட்டும் உயரத்திலேயே தொங்கும். வேலி இல்லாத இடங்களும் உண்டு. ஊர்க்காரர்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறார்கள். அது யாருடைய கொடி, அதற்கு உழைத்தவர் யார், நாளை தம் கொடியை யார் கடந்து போவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.